டிரைவ் டிரிப் ஆகி நின்றால்: ரீசெட்டா, ரிப்பேரா, ரீப்ளேஸா?

டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின் கருவி) நின்றதும் உற்பத்தி லைனும் நிற்கிறது. உற்பத்திப் பிரிவுக்குத் தெரிய வேண்டியது எப்போது ஓடும் என்பது மட்டுமே. அந்த நெருக்கடியில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒருவர் ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார், இல்லாவிட்டால் ஸ்டோரிலிருந்து புது டிரைவைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். இரண்டுமே காரணத்தைத் தொடுவதில்லை. மோட்டார் கேபிளில் ஷார்ட் இருந்தால் ஒவ்வொரு ரீசெட்டும் ஐஜிபிடியை (மோட்டாருக்கு மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்து அனுப்பும் பவர் ஸ்விட்ச்) இன்னொரு முறை அடிக்கிறது. புது டிரைவை மாட்டினாலும் அதுவும் அதே அடியைத்தான் வாங்கும்.

உண்மையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. டிரைவுக்கு வெளியே உள்ள காரணத்தைச் சரிசெய்வது, டிரைவுக்குள் நம்மால் மாற்ற முடிந்த பாகத்தை மாற்றுவது, ரிப்பேர் பட்டறைக்கு அனுப்புவது, அதே மாடலில் புதிதாகப் போடுவது, வேறு மாடலுக்கு மாறுவது. இவற்றில் எது சரி என்பதை டிரைவின் வயதையோ விலையையோ வைத்து முதலில் முடிவு செய்யக் கூடாது. முதல் அரைமணி நேரத்தில் எடுக்கும் அளவீடுகள்தான் அதைச் சொல்ல வேண்டும். அதனால் ஒப்பீட்டுக்குள் போவதற்கு முன் அந்த அரைமணி நேரத்தைப் பார்ப்போம்.

பழுது எந்தப் பக்கம்?

ரீசெட் செய்வதற்கு முன் கீபேடில் ஃபால்ட் ஹிஸ்டரியைத் திறந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃபால்ட் கோடு (பிழைக் குறியீடு) மட்டும் போதாது. அந்த நொடியில் இருந்த ஃப்ரீக்வென்சி, கரண்ட், டிசி பஸ் (ஏசி சப்ளை டிசியாக மாறிக் கெப்பாசிட்டர்களில் நிற்கும் பகுதி) வோல்டேஜ், ஹீட்சிங்க் வெப்பநிலை நான்கும் வேண்டும். ஒரே ஓவர்கரண்ட் கோடு, 0 ஹெர்ட்ஸில் வந்தால் ஒரு பொருள், 50 ஹெர்ட்ஸில் சீராக ஓடும்போது வந்தால் வேறு பொருள். மிட்சுபிஷி டிரைவ்கள் இதைக் கோடிலேயே பிரித்துக் காட்டுகின்றன: வேகம் ஏறும்போது ஓசி1, சீராக ஓடும்போது ஓசி2, இறங்கும்போது ஓசி3. மற்ற பல டிரைவ்களில் ஹிஸ்டரியைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

அடுத்து சப்ளையை நிறுத்தி, ஐசோலேட்டரைப் பூட்டி, டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். அது பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம். சார்ஜ் விளக்கு அணைந்ததை நம்பித் தொடக் கூடாது, விளக்கே பழுதாகியிருக்கலாம். 1000 வோல்ட் டிசி அளக்கக்கூடிய மீட்டரால் டிசி பிளஸ், டிசி மைனஸ் முனைகளுக்கு இடையே அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 415 வோல்ட் சப்ளையில் இந்த பஸ் சுமார் 587 வோல்ட் வரை சார்ஜ் ஆகி நிற்கும். கெப்பாசிட்டருக்கு இணையாக இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் திறந்துபோன டிரைவில் அது மணிக்கணக்கில் அப்படியே இருக்கலாம்.

இப்போது சப்ளை கேபிளையும் மோட்டார் கேபிளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை டிசி மைனஸில் இருக்கட்டும். கறுப்பு முனையை சப்ளை வரும் ஆர், எஸ், டி, மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ ஆறிலும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஆறும் 0.3 முதல் 0.6 வோல்ட் காட்ட வேண்டும், ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருக்க வேண்டும். பிறகு கறுப்பை டிசி பிளஸில் வைத்து, சிவப்பால் அதே ஆறையும் தொடுங்கள். மீண்டும் அதே அளவு வர வேண்டும். முனைகளை மாற்றிப் பிடித்தால் திறந்த சுற்று என்று காட்ட வேண்டும். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்வரை எண் கொஞ்சம் ஓடலாம். எங்காவது பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் அந்தக் கால் ஷார்ட். ஆர், எஸ், டி பக்கம் என்றால் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி), யூ, வி, டபிள்யூ பக்கம் என்றால் ஐஜிபிடி.

இங்கே ஒரு பொறி உண்டு. பெரிய டிரைவ்களில் ரெக்டிஃபையரின் மேல்பாதியில் டயோடுக்குப் பதில் தைரிஸ்டர் இருக்கும். அப்போது ஆர், எஸ், டியிலிருந்து டிசி பிளஸுக்கு இரண்டு திசையிலும் திறந்த சுற்றாகவே காட்டும். மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி அப்படிக் காட்டினால் அது பழுது அல்ல, அந்த டிரைவின் அமைப்பு. இதை அறியாமல் நல்ல டிரைவை ரிப்பேருக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

டிரைவ் தேறிவிட்டால் மோட்டாரும் கேபிளும்தான் மிச்சம். கேபிள் டிரைவிலிருந்து முழுக்கக் கழன்றிருப்பதை மறுபடி பாருங்கள். மெகரின் (இன்சுலேஷன் மின்தடையை அளக்கும் கருவி) 500 வோல்ட் டிரைவுக்குள் போனால் இருக்கிற பிரச்சினை இரண்டாகும். 400 வோல்ட் வகை சிறு, நடுத்தர மோட்டார்களுக்கு ஐஇஇஇ 43 தரநிலை சொல்லும் குறைந்தபட்ச இன்சுலேஷன் மின்தடை 40 டிகிரியில் 5 மெகாஓம். நல்ல நிலையிலுள்ள மோட்டார் நூற்றுக்கணக்கில் காட்டும். கேபிளோடு சேர்த்து அளந்து குறைவாக வந்தால், மோட்டார் டெர்மினல் பெட்டியில் பிரித்துத் தனித்தனியாக அளக்கவும். பாதிச் சமயம் ஈரமான டெர்மினல் பெட்டியோ உரசி நைந்த கேபிளோதான் காரணமாக இருக்கும். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கடைசிச் சோதனை, மோட்டார் இல்லாமல் டிரைவை ஓட்டுவது. டயோடு சோதனையில் தேறிய டிரைவுக்கு மட்டும் இதைச் செய்யலாம். வி/எஃப் முறைக்கு (ஃப்ரீக்வென்சிக்கு ஏற்ப வோல்டேஜை மட்டும் மாற்றும் எளிய முறை) மாற்றி, அவுட்புட் ஃபேஸ் லாஸ் கண்காணிப்பை நிறுத்திவைத்து, 25 ஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். மோட்டாரே இல்லாதபோதும் ஓவர்கரண்ட் அல்லது எர்த் ஃபால்ட் வந்தால் பழுது டிரைவுக்குள்தான். கேட் டிரைவரோ கரண்ட் சென்சரோ போயிருக்கும். டிரிப் ஆகாமல் ஓடினால் யூ-வி, வி-டபிள்யூ, டபிள்யூ-யூ மூன்றையும் அளங்கள். டிரைவ் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் பிடபிள்யூஎம் அலையில் சாதாரண மீட்டர் தவறான எண்ணைக் காட்டும். ஆனாலும் மூன்று எண்களும் ஒத்துப்போக வேண்டும். அதே முனைகளை டிசி நிலையில் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கணிசமான டிசி தெரிந்தால் ஒரு ஐஜிபிடி ஆன் ஆகவே இல்லை என்று பொருள். டயோடு சோதனையில் இது மாட்டாது. சோதனை முடிந்ததும் மாற்றிய பாராமீட்டர்களைப் பழையபடி வைக்க வேண்டும்.

காரணம் வெளியே இருந்தால்

அளவீடு எல்லாம் சரியாக வந்தால் டிரைவ் தன் வேலையைச் செய்திருக்கிறது, வெளியே இருந்த ஒன்றைப் பார்த்து நின்றிருக்கிறது. அந்த நிலையில் புது டிரைவுக்கு ஆர்டர் போடுவது வீண் செலவு.

வேகம் ஏறும்போது ஓவர்கரண்ட் வந்தால் முதலில் இயந்திரப் பக்கம் போங்கள். மோட்டாரின் மெக்கானிக்கல் பிரேக் திறக்கிறதா? பம்ப் இறுகியிருக்கிறதா? ஷாஃப்ட் கையால் சுற்றுகிறதா? பிறகுதான் ஏறும் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். டார்க் பூஸ்டை (குறைந்த வேகத்தில் கொடுக்கும் கூடுதல் வோல்டேஜ்) கூட்டினால் சரியாகும் என்ற எண்ணம் பல இடங்களில் உண்டு. அளவுக்கு மீறிக் கூட்டினால் குறைந்த வேகத்தில் மோட்டாரின் இரும்பு செறிவடைந்து கரண்ட் இன்னும் ஏறும், டிரிப்பும் முன்னதாகவே வரும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே கான்டாக்டர் இருந்தால், ஓடும்போது அது திறந்து மூடுகிறதா என்றும் பாருங்கள். எப்போதாவது மட்டும் வந்து போகும் ஓவர்கரண்டுக்கு அது பழக்கமான காரணம்.

வேகம் இறங்கும்போது வரும் ஓவர்வோல்டேஜில்தான் தேர்வுக்கு நிறைய இடம் இருக்கிறது. சுழலும் சுமை மோட்டாரை ஜெனரேட்டராக்கி, ஆற்றலை டிசி பஸ்ஸுக்குத் திருப்புகிறது. 400 வோல்ட் வகை டிரைவ்கள் பெரும்பாலும் 800 வோல்ட் வாக்கில் டிரிப் ஆகும். செலவில்லாத வழி, இறங்கும் நேரத்தைக் கூட்டுவது. பெரிய ஃபேனுக்கு இறங்கும் நேரமே தேவையில்லை. கோஸ்ட் ஸ்டாப் (தானாகச் சுற்றி நிற்க விடுவது) வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ய ஃப்ளையிங் ஸ்டார்டை (சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரை அதே வேகத்தில் பிடிப்பது) இயக்கினால் போதும். ஓவர்வோல்டேஜ் கன்ட்ரோலை இயக்கினால் டிரைவே இறங்கும் நேரத்தை நீட்டிக்கொள்ளும். ஆனால் குறித்த நேரத்தில் நின்றாக வேண்டிய இயந்திரத்துக்கு அது ஆகாது. கிரேன், சென்ட்ரிஃபியூஜ் போன்றவற்றுக்கு பிரேக்கிங் ரெசிஸ்டர் தவிர்க்க முடியாதது. ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் பிரேக் செய்துகொண்டே இருக்கும் சுமையில்தான் ஆற்றலை சப்ளைக்கே திருப்பும் ரீஜெனரேட்டிவ் யூனிட் தன் செலவை மீட்கும்.

ரெசிஸ்டர் போடுவதென்றால் ஓம் மதிப்பில் விளையாடக் கூடாது. சாப்பர் (ரெசிஸ்டரை டிசி பஸ்ஸோடு இணைக்கும் ஸ்விட்ச்) 760 வோல்ட்டில் இயங்குகிறது என்று வையுங்கள். 40 ஓம் ரெசிஸ்டர் 19 ஆம்பியர் இழுக்கும், உச்சத்தில் சுமார் 14.4 கிலோவாட் எரிக்கும். கையில் கிடைத்தது என்று 20 ஓம் போட்டால் கரண்ட் 38 ஆம்பியராகி சாப்பர் ஐஜிபிடி போகும். கையேட்டில் உள்ள குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகவே கூடாது. ரெசிஸ்டரின் தெர்மல் சுவிட்சை டிரைவின் ஃபால்ட் இன்புட்டில் மட்டும் கட்டினால் போதாது. உள்வரும் மெயின் கான்டாக்டரை அது விடுவிக்க வேண்டும். சாப்பர் ஐஜிபிடி ஷார்ட் ஆனால் டிரைவ் நின்ற பிறகும் பஸ் வோல்டேஜ் முழுவதும் ரெசிஸ்டரின் மேல் நிற்கும். சப்ளையை வெட்டாமல் அது அணையாது. தீப்பிடிக்கும் இடம் இது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஓய்வில் இருக்கும்போதே ஓவர்வோல்டேஜ் வந்தால் காரணம் சப்ளை பக்கம். பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் பேங்க் ஆன் ஆகும் நேரத்தோடு டிரிப் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் 3 அல்லது 5 சதவீத லைன் சோக் போதும்.

அண்டர்வோல்டேஜ், ஃபேஸ் லாஸ் கோடுகளுக்கு முதலில் ஃப்யூஸையும் டெர்மினல் ஸ்க்ரூக்களையும் பார்க்கவும். ஒரு ஃபேஸ் போனாலும் குறைந்த சுமையில் டிரைவ் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது டிசி பஸ்ஸின் ரிப்பிள் 300 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, கெப்பாசிட்டர்கள் சூடேறத் தொடங்கும். யாருக்கும் தெரியாமல் ஆயுள் கரையும் வழி இது.

நீளமான கேபிளில் வரும் எர்த் ஃபால்ட், மெகரில் ஒன்றும் தெரியாத வகை. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் வழியே ஒவ்வொரு ஸ்விட்ச்சிங்கிலும் தரைக்குக் கரண்ட் கசிகிறது. கேரியர் ஃப்ரீக்வென்சியை (ஐஜிபிடி ஸ்விட்ச் ஆகும் வேகம்) 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2 அல்லது 4க்கு இறக்கினாலே பல இடங்களில் நின்றுவிடும். மோட்டாரின் ரீங்காரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அது போதாவிட்டால் அவுட்புட் சோக். பழைய வைண்டிங் உள்ள மோட்டார் என்றால் வோல்டேஜ் ஏறும் வேகத்தைத் தணிக்கும் டிவி/டிடி ஃபில்டர் நல்லது. கேபிளின் முனையில் எதிரொலிக்கும் அலை, டிசி பஸ்ஸின் இரு மடங்கு வரை, அதாவது 1,170 வோல்ட் வரை, மோட்டார் வைண்டிங்கில் ஏறலாம். நீர்மூழ்கி பம்புக்கும் மிக நீண்ட கேபிளுக்கும் சைன் ஃபில்டர். மூன்றிலும் விலை அதிகமானதும் வோல்டேஜ் இழப்பு அதிகமானதும் அதுதான். மற்ற இரண்டும் போதாத இடத்தில் மட்டும் போடவும்.

நாமே மாற்றக்கூடியவை

இனி உள்ளே. டிரைவைத் திறந்தாலே வாரன்டி போகும் காலத்தைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். தாண்டியிருந்தால், மூன்று நான்கு பழுதுகளை ஆலையிலேயே நம்பிக்கையோடு செய்யலாம்.

முதலாவது கூலிங் ஃபேன். ஓவர்டெம்பரேச்சர் டிரிப்பில் பெரும்பாலும் இதுவோ, ஹீட்சிங்கில் அடைந்த தூசியோதான் குற்றவாளி. புது ஃபேனை வாங்கும்போது அளவையும் 24 வோல்ட் என்பதையும் மட்டும் பார்த்தால் போதாது. பழையதில் மூன்றாவது ஒயர் இருந்தால் அது வேக சிக்னல். இரண்டு ஒயர் ஃபேனைப் போட்டால் காற்று நன்றாக வரும், ஆனால் ஃபேன் ஃபால்ட் நிற்காது. காற்றின் திசையையும் கழற்றுவதற்கு முன் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேனலின் ஃபில்டர் துணி, கதவு ஃபேன், டிரைவ் விடும் சூடான காற்று மறுபடி கீழ்வழியே உள்ளே வருகிறதா என்பது, இந்த மூன்றையும் அப்போதே பார்த்துவிடலாம். பெரும்பாலான டிரைவ்கள் 40 டிகிரி சுற்றுப்புறத்துக்குக் கணக்கிடப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1 சதவீதம் கரண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கீபேட் இருண்டு கிடப்பது. டிரைவ் செத்துவிட்டது என்று ஒதுக்குவதற்கு முன் கன்ட்ரோல் டெர்மினல் ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சப்ளை கொடுத்துப் பாருங்கள். வெளியே ஏதோ ஒரு சென்சர் ஒயர் 24 வோல்ட்டைத் தரையில் தொட்டுக்கொண்டிருந்தால் உள் பவர் சப்ளை அடங்கிப்போகும். ஒயரைக் கழற்றியதும் கீபேட் உயிர்பெறும். அப்படி நடக்காவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது அந்த உள் பவர் சப்ளையை, பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிரைவ், ஒரு ஷட்டவுனுக்குப் பிறகு மட்டும் எழாமல் போனால், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் ஸ்டார்ட்டப் பகுதியிலுள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். ஓட்டம் தொடரும்வரை அது சமாளித்துக்கொள்ளும், குளிர்ந்த பிறகு தொடங்கி வைக்க அதற்கு வலுவிருக்காது. சில பத்து மைக்ரோஃபாரட் உள்ள ஒரு பாகத்துக்காக முழு டிரைவையும் தூக்கிப் போடுகிறோம். சால்டரிங் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அந்தப் பகுதியிலுள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக்குகள் அனைத்தையும் 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) வகையில் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது.

மூன்றாவது, ப்ரீசார்ஜ் ரிலே. கெப்பாசிட்டர்கள் ஒரு ரெசிஸ்டர் வழியே மெல்ல சார்ஜ் ஆன பிறகு மூடி, கரண்ட் அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்துப் போகச் செய்வது இது. இது கெட்டால், ஸ்டாப்பில் டிசி பஸ் சரியாக 565 முதல் 590 வரை நிற்கும். ஸ்டார்ட் கொடுத்து சுமை ஏறிய உடன் சரிந்து அண்டர்வோல்டேஜ் டிரிப் வரும். சப்ளையில் எந்தக் குறையும் இருக்காது. ரிலே மூடாததால் சுமையின் கரண்ட் முழுவதும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் வழியே போகிறது என்பதன் அடையாளம் இது. அந்த ரெசிஸ்டர் எரிந்தே போயிருந்தால், யாராவது ஸ்டார்ட், ஸ்டாப்புக்கு உள்வரும் கான்டாக்டரைப் பயன்படுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். சப்ளையை அடிக்கடி விட்டுவிட்டுக் கொடுத்தால் புதிதாகப் போட்ட ரெசிஸ்டரும் நிலைக்காது. ஸ்டார்ட் கட்டளை டிஜிட்டல் இன்புட் வழியேதான் வர வேண்டும்.

டிசி பஸ் கெப்பாசிட்டரை இந்த வரிசையின் கடைசியில் வைப்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு. மேலே உப்பியிருந்தாலோ, அளவு எழுதியிருப்பதில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. 400 வோல்ட் வகையில் இரண்டு கெப்பாசிட்டர்கள் தொடராக நிற்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் வோல்டேஜ் சமமாகப் பிரியாது. முழுத் தொகுதியையும் மாற்றி, பேலன்ஸிங் ரெசிஸ்டர்களையும் அளந்து பார்க்க வேண்டும். துருவம் மாறினால் வெடிக்கும். கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஜிபிடி போயிருந்தால்

கடினமான தேர்வு இங்கேதான். மாடியூல் ஒன்றை வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தால், புது மாடியூல் ஸ்டார்ட் கொடுத்த நொடியே வெடிக்கும். ஐஜிபிடி ஷார்ட் ஆகும்போது பஸ் வோல்டேஜ் கேட் வழியே டிரைவர் போர்டுக்குள் பாய்கிறது. கேட் ரெசிஸ்டர், ஸீனர், ஆப்டோகப்ளர் எல்லாம் அதன் பாதையில் இருப்பவை. அவற்றைச் சரிபார்க்காமல் போட்டால் புது ஐஜிபிடி ஆன் ஆனபடியே இருந்து, அதன் எதிர் ஐஜிபிடி ஆன் ஆகும்போது பஸ்ஸை நேராக ஷார்ட் செய்யும்.

எனவே, செய்வதென்றால் ஒழுங்கோடு செய்ய வேண்டும். மாடியூலைக் கழற்றிய நிலையில் ஆறு கேட் சுற்றுகளின் கேட்-எமிட்டர் மின்தடையையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் நோயாளி. போர்டுக்கு மட்டும் சப்ளை கொடுத்து, ஆறு கேட் அலைகளையும் ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். ஆன் ஆகும்போது சுமார் பிளஸ் 15 வோல்ட்டும், ஆஃப் ஆகும்போது பூஜ்யத்துக்குக் கீழே நெகடிவும் தெரிய வேண்டும் (சில சிறிய டிரைவ்களில் பூஜ்யத்தோடு நிற்கும்), ஆறும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். பிறகே மாடியூல். தெர்மல் பேஸ்டை மெல்லிய, சீரான படலமாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் வெப்பம் கடத்தாது. ஸ்க்ரூக்களை எதிரெதிராக, இரண்டு கட்டமாக, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். கையின் நிலைமின்னே கேட்டைக் கெடுக்கும் என்பதால் மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் மாடியூலைத் தொடக் கூடாது.

முதல் சப்ளையை நேராகக் கொடுக்காதீர்கள். இரண்டு ஃபேஸை மட்டும், ஒவ்வொன்றிலும் தொடராக ஒரு 230 வோல்ட் குண்டு பல்ப் வைத்துக் கொடுங்கள். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும்போது பல்ப் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்க வேண்டும். மங்காமல் எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, பல்ப் உங்கள் மாடியூலைக் காப்பாற்றிவிட்டது. இதில் தேறிய பிறகு மூன்று ஃபேஸ் சப்ளை, மோட்டார் இல்லாத ஓட்டம், சிறிய மோட்டார், கடைசியில் முழுச் சுமையில் சில மணி நேரம் என்று படிப்படியாகப் போக வேண்டும்.

இந்த வசதிகள் ஆலையில் இல்லாவிட்டால் பட்டறைக்கு அனுப்புங்கள். ஆனால் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முழுச் சுமையில் மோட்டாரோடு ஓட்டிப் பார்ப்பார்களா, எத்தனை மணி நேரம்? மாடியூல் எங்கிருந்து வாங்குகிறார்கள்? பழைய மாடியூலின் மேலெழுத்தை அழித்து, புதிதென்று விற்கப்படும் போலிகள் சந்தையில் உண்டு. சுமை இல்லாமல் கீபேட் எரிவதைக் காட்டி ‘சரியாகிவிட்டது’ என்று திருப்பித் தரும் பட்டறையிடம் கொடுப்பதைவிட, கொடுக்காமலே இருக்கலாம்.

அளவைப் பொறுத்து என் கணிப்பு இது. 7.5 கிலோவாட் வரை ஐஜிபிடி போனால் மாற்றிவிடுவதே சரி. இந்த அளவில் ரெக்டிஃபையர், இன்வர்ட்டர், சாப்பர் மூன்றும் பெரும்பாலும் ஒரே மாடியூலில் இருக்கும். உழைப்பும் சோதனையும் புது டிரைவின் விலையைத் தொட்டுவிடும். 75 கிலோவாட்டுக்கு மேலே ரிப்பேர் பெரும்பாலும் லாபம். பாகங்கள் தனித்தனியாக இருக்கும், தயாரிப்பாளரே பவர் மாடியூலை உதிரியாகத் தருவதும் உண்டு. இடைப்பட்ட அளவில், ரிப்பேர் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலோ, அந்த மாடலின் தயாரிப்பே நின்றுபோயிருந்தாலோ மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பத்து வருடம் ஓடிய டிரைவில் ஐஜிபிடியை மாற்றினாலும் கெப்பாசிட்டர்கள் பழையவைதானே.

அதே மாடலா, புது மாடலா?

நின்ற லைனை விரைவில் ஓட்ட அதே மாடலே மேல். துளைகள் பொருந்தும், டெர்மினல் எண்கள் பொருந்தும், கீபேடில் சேமித்த பாராமீட்டர்களை அப்படியே இறக்கலாம். ஃபர்ம்வேர் பதிப்பு வேறானால் சில பாராமீட்டர்கள் இறங்காமல் போகும் என்பதால், இறக்கிய பிறகு மோட்டார் தகடு மதிப்புகளையும் டிஜிட்டல் இன்புட் ஒதுக்கீட்டையும் கண்ணால் சரிபாருங்கள். பழைய டிரைவின் பவர் பகுதி எரிந்திருந்தாலும், கன்ட்ரோல் போர்டுக்கு வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுக்கும் வசதி இருந்தால் பாராமீட்டர்களை மீட்டுவிடலாம். எரிந்த பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதை முயலவும்.

புது மாடல் என்றால் வேலை மாட்டுவதோடு முடியாது. கிலோவாட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆம்பியரைப் பாருங்கள். ஒரே டிரைவுக்கு நார்மல் டியூட்டி, ஹெவி டியூட்டி என்று இரண்டு மதிப்புகள் இருக்கும். பொதுவாக முதலாவது 110 சதவீதத்தை 60 விநாடி தாங்கும், இரண்டாவது 150 சதவீதத்தை 60 விநாடி. பம்புக்கு முதலாவது போதும். கன்வேயருக்கும் மிக்ஸருக்கும் அதைப் போட்டால் ஸ்டார்ட்டிலேயே டிரிப் தொடங்கும். பிறகு இன்புட் பிஎன்பியா (சிக்னல் 24 வோல்ட்டாக வருவது) என்பிஎன்னா (பூஜ்யத்துக்கு இழுப்பது), பழைய பிரேக்கிங் ரெசிஸ்டர் புது டிரைவின் குறைந்தபட்ச ஓமுக்கு மேலே இருக்கிறதா, நியூட்ரல் தரையிடப்படாத சப்ளையானால் இஎம்சி (மின் இரைச்சல்) ஃபில்டர் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டுமா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். எஸ்டிஓ டெர்மினல்கள் (பாதுகாப்புக்காக மோட்டாரின் டார்க்கை நிறுத்துபவை) திறந்திருந்தால் சில டிரைவ்கள் எந்தக் கோடும் தராமலே ஸ்டார்ட் ஆக மறுக்கும். புது டிரைவும் பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஃபீல்ட்பஸ் (டிரைவும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியும் பேசும் கேபிள் வலை) இருந்தால் பிஎல்சி கட்டமைப்பும் மாறும், அதற்கான ஆள் கிடைக்கும்வரை லைன் நிற்கும். அதனால் மாடல் மாற்றத்தைத் திட்டமிட்ட ஷட்டவுனுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

உதிரி வரும்வரை நேர் சப்ளையில் மோட்டாரை ஓட்டலாமா? பம்ப், ஃபேன் போன்ற சுமைகளுக்கு, வால்வையோ டேம்பரையோ மூடித் தொடங்கினால், ஓட்டலாம். ஸ்டார்ட்டிங் கரண்ட் 6 முதல் 8 மடங்கு போகும், ஓவர்லோடு ரிலே தனியாக வேண்டும். பைபாஸ் கான்டாக்டருக்கும் டிரைவின் அவுட்புட் கான்டாக்டருக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. சப்ளை யூ, வி, டபிள்யூ வழியே பின்னால் நுழைந்தால் நல்ல டிரைவும் போகும். இன்னொன்றையும் பாருங்கள். 230/400 வோல்ட் மோட்டாரை டெல்டாவில் கட்டி 87 ஹெர்ட்ஸ் வரை ஓட்டும் முறை சில இயந்திரங்களில் உண்டு. அந்த மோட்டாரை அப்படியே 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் போட்டால் வைண்டிங் எரியும். டெர்மினல் பெட்டியைத் திறந்து, இணைப்புப் பட்டைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே முடிவெடுக்கவும்.

எந்த வழியில் போனாலும், ஓடத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் டிசி பஸ் வோல்டேஜ், மூன்று ஃபேஸின் அவுட்புட் கரண்ட், ஹீட்சிங்க் வெப்பநிலை ஆகியவற்றை வழக்கமான சுமையில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த டிரிப்பில் ஒப்பிட ஒரு அளவு கிடைக்கும். ஸ்டோரில் இருக்கும் உதிரி டிரைவுக்கு வருடத்துக்கு ஒருமுறை சப்ளை கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்திருந்தால் முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி வேரியாக் (வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மூலம் படிப்படியாக ஏற்றி கெப்பாசிட்டர்களைத் தயார்செய்த பிறகே மாட்ட வேண்டும்.